பக்கம் மீளேற்றப்பட்டாலும் படிவத்தில் நிரப்பியவை அழியாதிருக்கச் செய்வது எப்படி

மலையகத்தில் இணையப் படிவங்களைப் பலரும் கைத்தொலைபேசியிலேயே நிரப்புகிறார்கள். புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவி, முகவரிக் கட்டத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயன் இலக்கம், தபால் நிலையம் என நான்கு வரிகளைத் தட்டி முடித்த பின், தகப்பனாரின் அடையாள அட்டைப் படத்தைப் பார்ப்பதற்காக வாட்ஸ்அப்புக்குச் சென்று வருகிறாள். நினைவகம் குறைந்த தொலைபேசி அதற்குள் உலாவியில் இருந்த பக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. திரும்பி வந்ததும் பக்கம் புதிதாக ஏற்றப்படுகிறது; கட்டங்கள் அனைத்தும் வெறுமையாக நிற்கின்றன. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கத்தில் ரயில் நுழையும்போது சிக்னல் அறுந்து போவதும், மழைக்காலத்தில் மின்சாரம் நின்று மேசைக் கணினி அணைந்து போவதும் இதே விளைவைத்தான் தருகின்றன.

இவற்றில் எதுவும் படிவத்தை நிரப்பியவரின் தவறல்ல. ஒருவர் தட்டிய எழுத்து, அவரே அழிக்கும் வரை அல்லது அது சேர்வருக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும் வரை நிலைத்திருக்க வேண்டும் என்பதைப் படிவத்தை உருவாக்குபவர் தமது கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான வழிமுறையை, ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தவர்களை மனத்திற் கொண்டு கீழே விளக்குகிறேன்.

உலாவி தானாகச் செய்வது

முதலில், உலாவியே எவ்வளவு தூரம் உதவும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்பும்போது, பெரும்பாலான உலாவிகள் படிவத்தின் பெறுமதிகளை மீட்டுத் தருகின்றன. சில வேளைகளில் பக்கம் முழுவதும் உறைந்த நிலையில் நினைவகத்தில் வைக்கப்பட்டு, அப்படியே திரும்பக் காட்டப்படுகிறது. சாதாரணமாக மீளேற்றும்போது பயர்பொக்ஸ் கட்டங்களில் இருந்த எழுத்தையும் செக்பொக்ஸ்களின் நிலையையும் காப்பாற்றி வைக்கும். கட்டத்தின் ஆட்டோகம்ப்ளீட் பண்பை 'ஆஃப்' என்று வைத்திருந்தால் அவ்வாறு செய்யாது. பழைய மதிப்பு பயர்பொக்ஸில் மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருப்பதாக யாராவது முறையிட்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இந்த உதவி உலாவிக்கு உலாவி மாறுபடுவதால் அதை நம்பிப் படிவத்தை அமைக்க முடியாது. மேலும், பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வரையப்படும் கட்டங்கள், உலாவி மதிப்புகளை மீட்க முனையும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதே இல்லை. ஆகவே மீட்கும் வேலையை நாமே செய்ய வேண்டும்.

எங்கே சேமிப்பது

இதற்கு எளிதாகப் பயன்படுத்தத்தக்க நான்கு இடங்கள் உள்ளன. அவற்றுள், தளம் ஒன்று உலாவியில் வைக்கும் சிறு குறிப்பான குக்கி இந்த வேலைக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு கோரிக்கையோடும் அது சேர்வருக்குப் பயணம் செய்வதால் மெதுவான இணைப்பு மேலும் மெதுவாகும். கொள்ளளவும் ஏறத்தாழ 4 கிலோபைட் மட்டுமே. தமிழில் எழுதுவோருக்கு அந்த இடம் இன்னும் சுருங்கும். ஒரு தமிழ் யூனிகோட் குறி, யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்களைப் பிடிக்கிறது. அதைக் குக்கியிலோ இணைய முகவரியிலோ வைப்பதற்காகச் சதவீதக் குறியீடாக மாற்றினால் 9 எழுத்துக்குறிகளாகிறது. 'மலை' என்ற இரண்டெழுத்துச் சொல்லில் மூன்று யூனிகோட் குறிகள் இருப்பதால் அது 27 எழுத்துக்குறிகளாக விரிந்துவிடும். ஒரு தோட்ட முகவரியும் ஒரு பத்தி விளக்கமும் சேர்ந்தால் குக்கி நிரம்பிவிடும்.

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் வினாப்பகுதி இரண்டாவது இடம். தேடல் படிவங்களுக்கும் வடிகட்டிகளுக்கும் இதைவிடச் சிறந்த இடம் இல்லை. மாவட்டம், பாடம், ஆண்டு போன்ற தெரிவுகளைச் சிறு குறியீடுகளாக முகவரியிலேயே எழுதிவிட்டால், பக்கத்தை எத்தனை முறை மீளேற்றினாலும் அவை நிற்கும். அந்த இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பினாலும் அவருக்கும் அதே பெறுபேறு தெரியும். ஹிஸ்டரி ரீப்ளேஸ்ஸ்டேட் என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் முகவரி மாறும். பின்செல்லும் பொத்தானுக்கான பட்டியல் நீளாது. ஆனால் ஒருவரின் பெயர், தொலைபேசி இலக்கம் போன்ற சொந்த விபரங்களை ஒருபோதும் முகவரியில் வைக்கக் கூடாது. அவை உலாவியின் வரலாற்றிலும் சேர்வரின் பதிவேடுகளிலும் தங்கிவிடும்.

எஞ்சியவை செஷன் ஸ்டோரேஜும் லோக்கல் ஸ்டோரேஜும் ஆகும். விண்ணப்பப் படிவங்களுக்கு உரியவை இவையே. செஷன் ஸ்டோரேஜ் அந்த ஒரு தாவலுக்கு மட்டும் சொந்தமானது. மீளேற்றினாலும் நிலைத்திருக்கும், தாவலை மூடினால் போய்விடும். லோக்கல் ஸ்டோரேஜ் உலாவியை மூடினாலும், தொலைபேசியை அணைத்தாலும் நிலைத்திருக்கும். அதே தளத்தின் எல்லாத் தாவல்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். லோக்கல் ஸ்டோரேஜுக்கு ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் வரை இடம் கிடைக்கும் என்பதால் எழுத்துக்களுக்குத் தாராளமாகப் போதும். இரண்டும் எழுத்துச் சரங்களை மட்டுமே ஏற்பதால், படிவத்தின் மதிப்புகளை ஒரு ஜேசன் சரமாக்கித்தான் வைக்க வேண்டும்.

இவ்விரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பதைக் கருவி யாருடையது என்பதே தீர்மானிக்க வேண்டும். நகரத்துக் கொமினிகேஷன் கடையில் உள்ள கணினியில் காலையில் ஒருவர் விண்ணப்பிப்பார், மாலையில் அவருக்கு முன்பின் தெரியாத இன்னொருவர் விண்ணப்பிப்பார். பாடசாலைக் கணினி அறையும் அப்படித்தான். அங்கே லோக்கல் ஸ்டோரேஜில் வைத்த வரைவு, அடுத்து வருபவரின் கண்ணில் படும். ஆகையால், இயல்பாகவே செஷன் ஸ்டோரேஜைப் பயன்படுத்திவிட்டு, 'இது எனது சொந்தத் தொலைபேசி; வரைவை இதில் வைத்திரு' என்று பயனர் தாமே குறியிட்டால் மட்டும் லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாறுவதே சரியான ஒழுங்கு என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குறியீட்டுக் கட்டத்தை முன்கூட்டியே தெரிவு செய்து வைக்கக் கூடாது.

எதை, எப்போது சேமிப்பது

படிவத்தில் உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேமிப்பது ஆபத்தானது. சேமிக்கத்தக்க கட்டங்களுக்கு மட்டும் ஒரு அடையாளப் பண்பைக் கொடுத்து, அந்த அடையாளம் உள்ளவற்றை மாத்திரம் எடுங்கள். கடவுச்சொல், ஒருமுறைக் குறியீடு, வங்கிக் கணக்கு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அதே தளத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டும் இந்தச் சேமிப்பை வாசிக்க முடியும் என்பதால், புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை மீண்டும் ஒருமுறை தட்டச் சொல்வது அப்படியொன்றும் பெரிய தொந்தரவு ஆகாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இந்தத் தெரிவின்போது மனத்திற் கொள்ள வேண்டும். மறைந்திருக்கும் பாதுகாப்பு டோக்கன் கட்டத்தையும் சேமிக்க வேண்டாம். நேற்றைய டோக்கனை இன்றைய படிவத்தில் திரும்ப வைத்தால், எல்லாம் சரியாக நிரப்பப்பட்ட படிவத்தைச் சேர்வர் நிராகரித்துவிடும்.

ஒவ்வொரு வகைக் கட்டத்துக்கும் சேமிக்க வேண்டிய பண்பு வேறு. எழுத்துக் கட்டத்துக்கும் டிராப்டவுனுக்கும் அவற்றின் வேல்யூ போதும். செக்பொக்ஸுக்கும் ரேடியோவுக்கும் அவை தெரிவாகியுள்ளனவா என்ற நிலையைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். படிவத்தின் மதிப்புகளைத் திரட்டித் தரும் ஃபோர்ம்டேட்டாவை மட்டும் நம்பினால், தெரிவு செய்யப்படாத செக்பொக்ஸ்களும் செயலிழக்கச் செய்யப்பட்ட கட்டங்களும் அதில் வரவே மாட்டா. இதனால், இயல்பாகத் தெரிவாகியிருந்த ஒரு செக்பொக்ஸைப் பயனர் நீக்கியிருந்தால், மீட்கும்போது அது மறுபடியும் தெரிவாகிவிடும். குடும்ப அங்கத்தவர்களுக்காக 'மேலும் ஒருவரைச் சேர்' என்று வரிசைகளைக் கூட்டும் படிவமாயின், வரிசைகளின் எண்ணிக்கையையும் சேமித்து, மீட்கும்போது முதலில் வரிசைகளை உருவாக்கிய பிறகே மதிப்புகளை இட வேண்டும்.

எழுத்து மாறும்போதெல்லாம் இன்புட் நிகழ்வு எழும்; அதைப் படிவத்தின் மட்டத்தில் ஒரே ஒரு கேட்பானால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு விசைக்கும் சேமிப்பில் எழுதக் கூடாது. இந்தச் சேமிப்பு முடியும் வரை பக்கத்தின் மற்ற வேலைகள் காத்திருப்பதால், மலிவான தொலைபேசிகளில் தட்டும் எழுத்து தாமதமாகத் தோன்றும். கடைசி விசைக்குப் பிறகு அரைச் செக்கன் அளவு அமைதி நிலவினால் எழுதினால் போதும். அத்துடன், பக்கம் பார்வையிலிருந்து மறையும் தருணத்தில் எழும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில், காத்திருக்காமல் உடனே எழுதிவிட வேண்டும். மாணவி வாட்ஸ்அப்புக்கு மாறும் கணம் இதுவே. கைத்தொலைபேசியில் பக்கம் கைவிடப்படுவதற்கு முன் நமக்கு உறுதியாகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் இதுதான். பிஃபோர்அன்லோட் நிகழ்வு தொலைபேசிகளில் பல வேளைகளில் எழுவதே இல்லை.

ஒலியியல் விசைப்பலகையில் தமிழ் எழுதுபவர்களுக்காக இன்னொரு எச்சரிக்கை. சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது கட்டத்தில் இருப்பது அரைகுறை வடிவம். அதை வாசித்துச் சேமிப்பதால் தீங்கில்லை. சேமித்த மதிப்பை அதே நேரத்தில் கட்டத்துக்குத் திருப்பி எழுதினாலோ, முன்பின் இடைவெளிகளை நீக்கி மீண்டும் இட்டாலோதான் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். சேமிப்பு எப்போதும் ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டும்.

திரும்ப நிரப்புதல்

இந்த வேலையில் கவனம் மிகுதியாக வேண்டியது இங்கேதான். வரைவில் உள்ள பெயரும் கட்டத்தின் பெயரும் பொருந்தினால் மதிப்பை இட்டுவிடலாம் என்று தோன்றும். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று ஒன்றையொன்று சார்ந்த மூன்று டிராப்டவுன்கள் உள்ள படிவத்தில் அந்த முறை உடைந்துவிடும். சேமிப்பில் 'நுவரெலியா' மாவட்டமும் 'அம்பகமுவ' பிரிவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாவட்டக் கட்டத்தில் மதிப்பை இட்டதும், ஸ்கிரிப்ட் மூலம் இடப்பட்ட மதிப்புக்குச் சேஞ்ச் நிகழ்வு தானாக எழாது. எனவே பிரிவுகளின் பட்டியலைக் கொண்டுவரும் நிரல் ஓடாது. நிகழ்வை நாமே எழுப்பினாலும், பட்டியல் சேர்வரிலிருந்து வந்து சேரச் சில செக்கன்கள் ஆகும். அதற்குள் 'அம்பகமுவ' என்று இட முயன்றால், இல்லாத தெரிவை டிராப்டவுன் ஏற்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராமல் கட்டம் வெறுமையாகவே நிற்கும்.

சரியான ஒழுங்கு இதுவாகும்: மாவட்டத்தை இடுங்கள், பிரிவுகளின் பட்டியலைக் கோரி, அது முழுமையாக வந்து தெரிவுகள் கட்டத்தில் சேரும் வரை காத்திருங்கள், பிறகு பிரிவை இடுங்கள், அதே போல் மூன்றாவது பட்டியலுக்கும் காத்திருந்து அதையும் இடுங்கள். பட்டியலைக் கொண்டுவரும் செயற்கூறு ஒரு புரொமிஸைத் திருப்பித் தருமாறு எழுதியிருந்தால், அவெய்ட் கட்டளையுடன் இது மூன்று வரிகளில் முடிந்துவிடும். நடுவே சிக்னல் அறுந்து பட்டியல் வராமற் போனால், சேமித்த மதிப்பை அழித்துவிடாமல் வைத்திருந்து, பட்டியல் வரும்போது இட வேண்டும். இங்கே மறைந்திருக்கும் ஒரு பொறியையும் கவனியுங்கள்: மாவட்டத்துக்கான சேஞ்ச் நிகழ்வை நீங்கள் எழுப்பியதும் உங்கள் சொந்தத் தானியங்கிச் சேமிப்பு விழித்துக்கொண்டு, பிரிவு வெறுமையாக உள்ள நிலையை வரைவின் மேல் எழுதிவிடக்கூடும். மீட்பு நடந்துகொண்டிருக்கும்போது சேமிப்பை நிறுத்தி வைக்கும் ஒரு கொடி மாறியை வைத்துக்கொள்வது இதனால் அவசியமாகிறது.

மெதுவான இணைப்பில் இன்னொன்றும் நிகழும். பக்கத்தின் எழுத்தும் கட்டங்களும் முதலில் வந்துவிடும். ஸ்கிரிப்ட் கோப்பு பின்னால் ஊர்ந்து வரும். அதற்குள் பயனர் பெயரைத் தட்டத் தொடங்கியிருப்பார். தாமதமாக வந்த மீட்பு நிரல், பழைய வரைவை அவர் தட்டியதன் மேல் எழுதிவிட்டால், காப்பதற்காக எழுதிய நிரலே அழிப்பதாக ஆகிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் தற்போதைய மதிப்பையும் அதன் ஆரம்ப மதிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மீட்ட மதிப்பை இடுங்கள்.

சேர்வரே பிழை கண்டு படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது, பயனர் இட்ட மதிப்புகளுடன் அனுப்புவது சேர்வரின் கடமை. அவ்வேளையில் சேர்வர் தந்த மதிப்புகளுக்கே முன்னுரிமை; வரைவு ஒதுங்கி நிற்க வேண்டும். வெற்றிகரமாக ஏற்கப்பட்ட படிவத்துக்கு, பக்கத்தை நேரடியாகக் காட்டாமல் 303 என்ற பதிலுடன் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். அப்படிச் செய்தால் பயனர் அந்தப் பக்கத்தை மீளேற்றினாலும் விண்ணப்பம் இரண்டாம் முறை அனுப்பப்படாது.

ரியாக்ட் போன்ற நூலகத்தில் எழுதுபவர்கள், கட்டத்தின் வேல்யூவை நேரடியாக மாற்ற வேண்டாம். நூலகம் தன் நிலையில் உள்ள பழைய மதிப்பையே அடுத்த முறை வரைந்துவிடும். வரைவை நிலையின் ஆரம்ப மதிப்பாகக் கொடுங்கள். பக்கம் சேர்வரில் வரையப்படுவதாயின், முதல் வரைதல் முடிந்த பிறகு வரைவை வாசித்து நிலையை மாற்றுங்கள்.

மொழி மாற்றும் இணைப்பு

இலங்கையில் பல படிவங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. பக்கம் முதலில் வேறொரு மொழியில் திறக்கிறது. பாதி நிரப்பிய பிறகுதான் மேலே உள்ள 'தமிழ்' என்ற இணைப்பு கண்ணில் படுகிறது. அழுத்தியதும் பக்கம் முழுவதும் புதிதாக வருகிறது. தமது மொழியைத் தெரிவு செய்ததற்காக ஒருவர் அரை மணி நேர உழைப்பை இழப்பது நியாயமல்ல. இதைத் தவிர்க்க மூன்று விடயங்கள் போதும். வரைவைச் சேமிக்கும் சாவிப்பெயரில் மொழியைச் சேர்க்காதீர்கள். படிவத்தின் பெயரும் அதன் பதிப்பு எண்ணும் மட்டும் இருக்கட்டும். டிராப்டவுனில் கண்ணுக்குத் தெரியும் சொல்லைச் சேமிக்காமல், மூன்று மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டைச் சேமியுங்கள். மொழிகளை வெவ்வேறு துணை டொமைன்களில் வைக்காமல் ஒரே டொமைனின் வெவ்வேறு பாதைகளில் வையுங்கள். ஏனெனில் டொமைன் மாறினால் உலாவி அதை வேறு தளமாகவே கருதும், ஒன்றில் சேமித்ததை மற்றொன்று வாசிக்க இயலாது. எச்டிடிபி முகவரிக்கும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கும் இடையிலும் இதே சுவர் உண்டு.

பதிப்பு எண் எதற்கென்றால், நீங்கள் படிவத்தின் கட்டங்களை மாற்றிய பிறகு பழைய வரைவு வந்து பொருந்தாத இடங்களில் அமராமல் இருப்பதற்காக. பதிப்பு மாறியிருந்தால், பெயர் பொருந்தும் எழுத்துக் கட்டங்களை மட்டும் மீட்டு, மற்றவற்றை வெறுமையாக விடலாம்.

எப்போது அழிப்பது

அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன் வரைவை அழிப்பது பரவலாகக் காணப்படும் பழக்கம். அதைக் கைவிட வேண்டும். பொத்தானை அழுத்திய பின் சிக்னல் போய்விடும் சூழலுக்காகத்தானே இத்தனை ஏற்பாடும். சேர்வர் விண்ணப்பத்தை ஏற்று, பதிவிலக்கத்துடன் உறுதிப் பக்கம் வந்த பிறகு, அந்தப் பக்கத்தில் வைத்து அழியுங்கள்.

வரைவோடு அது எழுதப்பட்ட நேரத்தையும் சேமித்தால், லோக்கல் ஸ்டோரேஜில் கிடக்கும் பழையதைக் கண்டறிந்து நீக்கலாம். சொந்தத் தொலைபேசிக்கு ஒரு வாரம் என்பது எனக்கு நியாயமான எல்லையாகப் படுகிறது. வரைவு கிடைத்ததும் அதைச் சத்தமில்லாமல் நிரப்பிவிடாமல், 'நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்த படிவம் ஒன்று உள்ளது' என்று கூறி, 'தொடர்க', 'அழித்துவிடுக' என்ற இரு பொத்தான்களைக் காட்டுங்கள். அந்தச் செய்தியில் பெயரோ இலக்கமோ தெரியக் கூடாது. வீட்டில் ஒரே தொலைபேசியை அக்காவும் தம்பியும் பாவிக்கக்கூடும். தாவலுக்குள் நடந்த வெறும் மீளேற்றமாயின் கேட்கத் தேவையில்லை, உடனே நிரப்பலாம்.

சேமிப்பு எப்போதும் வெற்றி பெறும் என்றும் எண்ண வேண்டாம். இடம் நிரம்பியிருந்தாலோ, பயனர் சேமிப்பை முடக்கியிருந்தாலோ எழுதும் கட்டளை பிழையை எறியும். அதை டிரை-கேட்ச் கட்டமைப்புக்குள் வைத்து, சேமிப்பு இயலாவிட்டாலும் படிவம் வழமைபோல் இயங்குமாறு செய்யுங்கள். சேமிக்க முடியவில்லை என்ற உண்மையைப் பயனருக்கு ஒரு சிறு வரியில் அறிவிப்பதும் அவசியம். அதை அறிந்தால் அவர் நீண்ட விளக்கத்தை வேறிடத்தில் எழுதி ஒட்டிக்கொள்வார்.

இணைத்த கோப்புகள்

கோப்பு இணைக்கும் கட்டத்துக்கு ஸ்கிரிப்ட்டினால் மதிப்பை இட முடியாது. எந்தத் தளமும் பயனரின் கோப்புகளைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக உலாவிகள் வைத்துள்ள பாதுகாப்பு அது. பிறப்புச் சான்றிதழின் படத்தைப் பயனர் தெரிவு செய்தவுடனேயே தனியாகச் சேர்வருக்கு ஏற்றி, சேர்வர் தரும் தற்காலிக இலக்கத்தை மட்டும் வரைவில் வைப்பது நடைமுறைக்கு உகந்த வழி. ஏற்றுவதற்கு முன் படத்தின் அளவை உலாவியிலேயே குறைத்துவிட்டால், பல மெகாபைட் புகைப்படம் பலவீனமான சிக்னலில் திணறாது. அந்த வசதி இல்லாத சேர்வராயின், கோப்பின் பெயரை மட்டும் சேமித்து, 'இந்தக் கோப்பை மீண்டும் இணைக்கவும்' என்று கட்டத்தின் அருகே காட்டுங்கள்.

முடிந்ததும், அலுவலகத்து வேகமான கணினியில் ஒருமுறை மீளேற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். உலாவியின் மேம்பாட்டுக் கருவியில் இணைப்பை மெதுவாக்கி, பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே பெயரைத் தட்டுங்கள். பழைய அன்ட்ரொய்ட் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையால் ஒரு முழு முகவரியை எழுதி, கமராவைத் திறந்து சில படங்கள் எடுத்துவிட்டுத் திரும்புங்கள். பிரிவுப் பட்டியல் வரும் முன் விமானப் பயன்முறையை இயக்குங்கள். மொழியை இருமுறை மாற்றுங்கள். ஒரே படிவத்தை இரண்டு தாவல்களில் திறந்து, ஒன்றில் எழுதியது மற்றதை அழிக்கிறதா என்று பாருங்கள். லோக்கல் ஸ்டோரேஜைப் பயன்படுத்தும்போது மற்றத் தாவலில் எழும் ஸ்டோரேஜ் நிகழ்வைக் கேட்டு, 'இப்படிவம் வேறொரு தாவலிலும் திறந்துள்ளது' என்று எச்சரிக்கலாம். கடைசியாக, அனுப்பும் பொத்தானை அழுத்திய கையோடு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்தை மீளேற்றுங்கள்; வரைவு அப்போதும் முழுமையாக இருந்தால் படிவத்தை வெளியிடலாம்.